"இதமாத்தான் இருந்துச்சு, தம்பி": ஒரு வெந்நீர்க் காயத்தின் நிகழ்வு ஆய்வு

அக்காவின் மாமியாருக்குக் கால் வெந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வீட்டில் அது தெரியவந்தது அன்று சாயங்காலம். இடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அவருக்கே தெரியாது. வாசலுக்குப் போகச் செருப்பு மாட்டும்போது வலது கால் ஏதோ ஈரமாகப் பட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் பாதத்தின் மேல்தோல் உரிந்து சுருண்டிருக்கிறது, கணுக்காலுக்குக் கீழே இரண்டு பெரிய கொப்புளங்கள். அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "டேய், வெந்நீர்ல காலை வச்சிருக்காங்க. கேட்டா, சூடாவே இல்லைங்கறாங்க."

சூடாகவே இல்லாத தண்ணீரில் கால் எப்படி வேகும்?

நான் பதினெட்டு வருடமாக ஹீட்டர், மோட்டார், பைப் வேலை பார்ப்பவன். அந்த வீட்டு ஹீட்டரை மாட்டியதும் நான்தான். அதனால் இதை வெளியாள் எழுதிய அறிக்கையாகப் படிக்க வேண்டாம். என் கையும் இதில் இருக்கிறது. எங்கே என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

வீடும் ஹீட்டரும்

வீட்டில் ஐந்து பேர். அக்கா, மாமா, ஏழு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், அத்தை. அத்தைக்கு 74 வயது. சர்க்கரை நோய் இருபது வருடங்களுக்கு மேலாக உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். வெறுங்காலைப் பற்றி எல்லோரும் கவனமாகத்தான் இருந்தார்கள். வெந்நீர் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

ஹீட்டர் பாத்ரூமுக்கு மேலே பரணில் நிற்கிறது. 50 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட் காயில், ஆறு வருடப் பழசு. அதிலிருந்து ஒரு லைன் பாத்ரூமுக்கும், இன்னொன்று சமையலறை சிங்குக்கும் போகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதில் எண் எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மெல்லிசாகத் தொடங்கி மறுபக்கம் தடித்து முடியும் ஒரு பட்டை, அவ்வளவுதான். தடித்த பக்கம் போனால் சூடு கூடும். எவ்வளவு கூடும் என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம்.

அதே டப், அதே அளவு

மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். முந்தைய நாளும் அத்தை அதே நேரத்தில்தான் கால் ஊறவைக்க டப்பில் தண்ணீர் பிடித்திருந்தார். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த தொட்டியில்தான் உண்மையான சூடு தெரியும். ஆள் ஆளாகக் குளித்து, நடுவில் பச்சைத்தண்ணீர் உள்ளே ஏறிக் கலந்தபிறகு அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

அளக்க நான் எடுத்துப்போனது சமையலுக்கு வைத்துக்கொள்ளும் ஊசி தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும் (இங்கே எல்லா எண்ணும் செல்சியஸ்). தூரத்தில் இருந்தே காட்டும் துப்பாக்கி வகையையும் நம்பாதீர்கள், பளபளப்பான குழாய்மேல் பிடித்தால் அது பொய் சொல்லும். ஊசி வகையையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. நொறுக்கிய ஐஸ் மிதக்கும் தண்ணீரில் 0 காட்ட வேண்டும். என்னுடையது அரை டிகிரி கூடக் காட்டுவது எனக்குத் தெரியும், அதைக் கழித்துத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாத்ரூம் வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, ஊசியை நடுவில் நிறுத்தினேன். எண் ஏறிக்கொண்டே போய் 71இல் நின்றது. பச்சைத்தண்ணீர் 25.

அப்புறம் அத்தையையே கூப்பிட்டேன். காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். டப்பின் உள்சுவரில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. கீழே இருந்து மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொன்று.

"இந்தக் கீழ் வளையம் வரைக்கும் வெந்நீர், மேல் வளையம் வரைக்கும் பச்சைத்தண்ணி. எத்தனை வருஷமா விளாவுறேன், எனக்குத் தெரியாதா?"

"கையை விட்டுப் பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேனே. இதமாத்தான் இருந்துச்சு, தம்பி."

"எவ்வளவு நேரம் கால் வச்சிருந்தீங்க?"

"ரேடியோல ரெண்டு பாட்டு."

இரண்டு பாட்டு என்றால் எட்டு, பத்து நிமிடம்.

அவர் சொன்ன மாதிரியே பிடித்தேன். இரண்டு பங்கு வெந்நீர், ஒரு பங்கு பச்சைத்தண்ணீர். கணக்குப்படி பார்த்தால் 71ஐ இரண்டு முறையும் 25ஐ ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும், 55.7 வரும். ஊசி காட்டியது 55. மீதியை பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொண்டது. நான் விரலை விட்டேன். சுள்ளென்று இழுத்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ சின்னப் பிள்ளையா?" என்றார். சொல்லிவிட்டு, குனிந்து தன் விரல்களை அந்தத் தண்ணீரில் விடப் போனார். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதத்துக்கு வந்த உணர்ச்சிக் குறைவு விரல் நுனிக்கும் வந்திருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கையை விட்டுப் பதம் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பார்க்கிற கைக்கே தெரியவில்லை என்றால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

55 டிகிரி என்றால் என்ன

தோல் வேகும் கணக்கை 1947இலேயே மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் போட்டுவைத்துவிட்டார்கள். பன்றித் தோலிலும், ஒப்புக்கொண்டு வந்த மனிதர்களின் தோலிலும் சோதித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க வெந்நீர் விதிகள் எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் ஏதோ ஒரு வடிவில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களின் தோல் ஆழமாக வேக 70 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நொடி, 60இல் ஐந்து நொடி, 55இல் அரை நிமிடம், 50இல் ஐந்து நிமிட அளவு. 44 டிகிரிக்கு வந்தால் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால்தான் காயம்.

இந்த வரிசையில் நான் பார்ப்பது 60க்கும் 50க்கும் நடுவிலுள்ள இடைவெளியை. பத்து டிகிரிதான். ஐந்து நொடி ஐந்து நிமிடமாகிறது. ஐந்து நொடியில் வழுக்கி விழுந்தவர் எழுந்திருக்க முடியாது, குழந்தை குழாயைத் திருப்பி மூடாது. ஐந்து நிமிடத்தில் யாராவது ஓடி வந்துவிடலாம். குழந்தைகளுக்குத் தோல் மெல்லிசு, அவர்களுக்கு இந்த நேரமெல்லாம் இன்னும் சுருங்கும்.

அத்தை 55இல் எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் காலை வைத்திருக்கிறார். தேவைப்பட்டது அரை நிமிடம். வலது கால் டப்பில் முதலில் இறங்கிய கால், அதிலும் வெந்நீர் விழுந்த பக்கம். இடது காலில் சிவப்பு மட்டும்.

சுட்டவுடனே தெரிந்திருந்தால், ஓடும் பச்சைத்தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டியிருக்கலாம். மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் அதற்குப் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, பற்பசையோ வேறு எதுவுமோ பூசக் கூடாது. இங்கே அந்த நேரம் தாண்டிவிட்டது. நேராக மருத்துவமனை. காயம் ஆற ஏழு வாரம் ஆனது.

தண்ணீர் எப்போது மாறியது

அத்தை வருடக்கணக்காக இதே டப்பில், இதே வளையம் பார்த்து, இதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் விளாவியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முழங்கால் வலி அதிகமாகி, தண்ணீர் பிடித்துக் கொடுப்பது அக்காவின் வேலையானது. அக்காவுக்குக் கை நன்றாகத் தெரியும். சூடு கூடியபோது தானாகவே பச்சைத்தண்ணீரைக் கூட்டிக்கொண்டாள். அன்றைக்கு அக்கா பையனின் பள்ளிக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். அத்தை ஒன்றரை வருடம் கழித்து முதல்முறையாகத் தானே பிடித்தார், பழைய கணக்கிலேயே.

ஆக, அத்தையின் பழக்கம் மாறவில்லை. அவருக்குத் தெரியாமல் தொட்டி மாறியிருந்தது. என்ன மாறியது?

மெயின் ஸ்விட்ச்போர்டில் ஹீட்டருக்குக் கரண்டை வெட்டும் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, தண்ணீரை வடித்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். முதலில் வந்தது ஒரு வாளி நிறைய உப்புச் செதில். காயில் முழுக்க வெள்ளை. வைத்த சூடு வந்ததும் காயிலை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குச்சி நுழையும் உறையைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி ஒரு கூடு, அதற்குமேல் இன்னொரு கூடு. நகத்தால் தட்டினால் டொக் டொக் என்றது. தெர்மோஸ்டாட் அந்த உறை வழியாகத்தான் தண்ணீரின் சூட்டை உணர்கிறது. கூடு கட்டிவிட்டால் சூடு உள்ளே போக நேரமாகும். அது "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் அதைத் தாண்டிப் போயிருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொடுக்கும் ஆனோடு ராடும் கரைந்து வெறும் கம்பியாக நின்றது. அது தனிக் கதை, மாற்றிவிட்டேன்.

சுத்தம் செய்து, திருகை அதே இடத்தில் விட்டு மாட்டினேன். ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் காலை அளந்தால் 64. அதாவது 71இல் 7 டிகிரி உப்பின் பங்கு.

அப்புறம் திருகைத் துடைத்தபோது, பக்கத்தில் உலோகத்தில் மங்கலாக ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. ஹீட்டர் மாட்டிய அன்று மார்க்கரால் நான் வைத்த புள்ளி. திருகின் முனை அந்தப் புள்ளியைத் தாண்டி, தடித்த பக்கம் கால் வட்டம் போயிருந்தது. அதைத் திரும்பப் புள்ளிக்குக் கொண்டுவந்து மறுநாள் அளந்தேன். 55.

பழைய கணக்கு அங்கேதான் பொருந்தியது. 55 டிகிரி இரண்டு பங்கு, 25 டிகிரி ஒரு பங்கு, கலந்தால் 45. டப் குடிப்பது போக 44. அத்தை சொன்ன 'இதம்' அதுதான். அவருடைய கைக்கணக்கு ஒரு டிகிரிகூடத் தப்பவில்லை.

சரி, திருகைக் கூட்டியது யார்?

நான்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது அக்கா போன் செய்தாள், மூன்றாவது ஆள் குளிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடுகிறது என்று. வேறொரு வீட்டில் வேலையாக இருந்தேன். "அடியில ஒரு திருகு இருக்கும், கொஞ்சம் கூட்டி வைக்கா" என்றேன். கூட்டி வைத்தாள். விருந்தாளிகள் நாலு நாளில் போய்விட்டார்கள். திருகு அங்கேயே இருந்தது. குறைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

என் தொழிலில் இதை நாள்தோறும் பார்க்கிறேன். சூடு போதவில்லை என்று திருகைக் கூட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. தண்ணீர் போதவில்லை என்றுதான் கூட்டுகிறார்கள். கணக்கும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 50 லிட்டர் தொட்டி 55இல் இருந்தால், 25 டிகிரி தண்ணீரை விளாவி 40 டிகிரியில் குளிக்க மொத்தம் 100 லிட்டர் தேறும். 71இல் இருந்தால் 150க்கு மேல். (இழுக்க இழுக்கப் பச்சைத்தண்ணீர் உள்ளே கலப்பதால் நடைமுறையில் முழுதாகக் கிடைக்காது, முக்கால்வாசி கிடைத்தால் அதிகம்.) ஐந்து காசு செலவில்லாமல் தொட்டி ஒன்றரை மடங்கு பெரிசான மாதிரி. தொட்டி சின்னது என்ற பிரச்சினைக்குத் திருகு பதில் சொல்கிறது. அந்தப் பதிலின் விலையைக் குளிக்கிற கால் கொடுக்கிறது.

திருகை ஒருமுறை வைத்த இடத்தில்தான் ஜனங்கள் விடுவார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்றும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல் ஒரு சட்டம் போட்டது: புது ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று. வீட்டுக்காரர் விரும்பினால் கூட்டிக்கொள்ளத் தடையில்லை. 1977இல் அங்கே வீடுகளில் அளந்தபோது குழாய் வெந்நீர் சராசரி 61 டிகிரி. 1988இல் அளந்தபோது 50. பெரும்பாலானவர்கள் தொடவே இல்லை. தொடாத குணம் அங்கே காப்பாற்றியது, அக்கா வீட்டில் அதே குணம் சுட்டது.

சேஃப்டி வால்வு என்ன செய்தது

மாமா கேட்டார்: "அதுல கட்-அவுட், சேஃப்டி வால்வு எல்லாம் இருக்குன்னு சொன்னியே மாப்ள, அதெல்லாம் ஏன் வேலை செய்யல?"

நியாயமான கேள்வி. அவற்றை எல்லாம் சோதித்தேன், எல்லாமே சரியாக இருந்தன. கட்-அவுட் விழுவது 80, 90 டிகிரி வாக்கில். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, காயில் நிற்காமல் சூடாகிக்கொண்டே போனால், தண்ணீர் கொதிப்பதற்கு முன் அது கரண்டை வெட்டும். சூட்டையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் வால்வுகள் 99 டிகிரியில் திறக்கிறபடி செய்யப்பட்டவை. 71 டிகிரி அவற்றின் கண்ணில் சாதாரண நாள். அவையெல்லாம் தொட்டி வெடிக்காமல் பார்த்துக்கொள்பவை. தோலைக் காக்க அந்த ஹீட்டரில் ஒரு உறுப்புகூட இல்லை. பெரும்பாலான வீட்டு ஹீட்டர்களில் கிடையாது.

வேறு வகை வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கேஸில் ஓடும் தொட்டி ஹீட்டரில், கையைக் கழுவ, பாத்திரம் அலம்ப என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் அடியில் பச்சைத்தண்ணீர் ஏறி பர்னர் பற்றும். சூடு மேலே மேலே சேர்ந்து, திருகு சொல்வதைவிட மேல் அடுக்கு நிறையக் கூடிவிடும். தொட்டி இல்லாத இன்ஸ்டன்ட் வகையில் தண்ணீர் மெதுவாகப் போனால் சூடு கூடும், குழாயைப் பாதி மூடினாலே போதும். எந்த வகையானாலும் திருகை நம்பாமல் குழாயில் அளப்பதுதான் வழி.

எவ்வளவில் வைப்பது

இந்த அளவுகளை எடுத்து முடித்ததும் 50க்கு இறக்கிவிட்டேன். அது அவசர வைத்தியம். அக்கா "அப்படியே விட்டுடேன், எதுக்கு வேற வேலை" என்றாள். பாதிப் பேருக்கு அது சரியான முடிவாகவே இருக்கும். இந்த வீட்டில் அதை நிரந்தரமாக விட எனக்கு மனமில்லை. இரண்டு காரணம்.

முதல் காரணம் ஒரு கிருமி. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு விதமான கடும் நிமோனியா வந்து பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான கிருமியைச் சில மாதங்களில் கண்டுபிடித்து, லீஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் அது சுகமாகப் பெருகும். ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளோடு மூச்சில் போனால்தான் ஆபத்து. 50 டிகிரியில் அது சாகத் தொடங்கும், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு சாக இரண்டு மணி நேர அளவாகும். 60இல் இரண்டே நிமிடம். தினமும் முழுத் தொட்டியும் காலியாகி நிரம்பும் வீட்டில் இந்த ஆபத்து சிறியதுதான், மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் இவர்களைத்தான் அது முதலில் தேடும். அத்தையைக் காலில் காப்பாற்றி நுரையீரலில் விடுவதா?

இரண்டாவது காரணம் பழையதேதான்: தண்ணீர் போதாது. 50இல் வைத்த மூன்றாம் நாளே பையன் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். 50 டிகிரி தொட்டியில் 40 டிகிரித் தண்ணீர் 83 லிட்டர்தான் தேறும், அதுவும் ஏட்டுக் கணக்கில். இன்னும் ஒரு மாதத்தில் யாராவது திருகைக் கூட்டுவார்கள். எனக்குப் போன்கூடச் செய்ய மாட்டார்கள்.

தொட்டிக்குச் சூடு வேண்டும், தோலுக்குச் சூடு ஆகாது. ஒரே திருகால் இரண்டையும் செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவின் பிளம்பிங் விதிகள் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கின்றன: தொட்டியில் 60, பாத்ரூம் குழாயில் 50க்கு மேல் கூடாது. நடுவில் ஒரு கலவை வால்வு.

அதைத்தான் போட்டேன். தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு என்பார்கள், கைப்பிடி அளவுதான். ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் பச்சைத்தண்ணீர் உள்ளே வரும், நடுவில் கலந்து வெளியே போகும். உள்ளே மெழுகு அடைத்த ஒரு குப்பி இருக்கிறது. கலந்த தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டே போகும். சூடு ஏறினால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியை நெருக்கும், ஆறினால் சுருங்கித் திறக்கும். கரண்ட் தேவையில்லை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் வேறு குழாயைத் திறந்தாலும் சூடு தாவாது, தாவினாலும் உடனே அடங்கும். வாங்கும்போது இருபக்கமும் வடிகட்டியும் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் வால்வும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் வடிகட்டி இல்லாத வால்வு ஒரு வருடம் தாங்காது.

பாத்ரூமுக்குப் போகும் கிளையில், குழாய்க்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தேன். வால்வைத் தாண்டிய பைப்பில் நிற்பது வெதுவெதுப்பான தண்ணீர், கிருமிக்குப் பிடித்த சூடு. அந்த நீளம் குறைவாக இருக்க வேண்டும்.

வால்வை 43இல் வைத்தேன். வழக்கமாக ஒரு வீட்டுக்கு 45, 48 என்று வைப்பேன். இங்கே சூடு தெரியாத ஒருவர் இருக்கிறார், அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் காயம் வரக் கூடாது. 1947 கணக்கில் 44 எங்கே நிற்கிறது என்று மேலே எழுதினேன், அதற்கு ஒரு படி கீழே. தொட்டியை 60க்கு ஏற்றினேன். இதில் கவனிக்க ஒன்று உண்டு: பச்சைத்தண்ணீர் நின்றுபோனால் இந்த வால்வு வெந்நீரையும் அடைத்துவிட வேண்டும். தொட்டித் தண்ணீர் கலவையைவிடக் குறைந்தது பத்து டிகிரியாவது சூடாக இருந்தால்தான் அது உறுதியாக நடக்கும். தொட்டியையும் 50இல் வைத்து வால்வையும் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது அந்த வால்வின் கையைக் கட்டிப்போடுவதாகும்.

சோதனை எளிது. ஷவரை ஓடவிட்டு, வால்வுக்குப் போகும் பச்சைத்தண்ணீரை மட்டும் மூடினேன். ஷவர் இளைத்து நூலாகி, மூன்று நொடியில் சொட்டாகி நின்றது. கையை அடியில் நீட்டிக்கொண்டுதான் நின்றேன். மறுபடி திறந்ததும் பழைய மாதிரி ஓடியது. மாமா அதை இரண்டு தடவை செய்துபார்த்தார், மூன்றாவது தடவை பையன் செய்தான்.

மூன்று மாதம் கழித்து

மறுபடி அளந்தேன். தொட்டிக் கிளையில் காலை ஆறு மணிக்கு 60. பாத்ரூம் குழாயில் 43, ஷவரில் 42. நாலாவது ஆளுக்கும் வெந்நீர் இருக்கிறது. ஷவர் தலையைக் குறைவாக ஊற்றும் ஒன்றாக மாற்றியதும் அதற்கு ஒரு காரணம். திருகின் மேல் புதுப் புள்ளி வைத்து, அளந்த தேதியையும் எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உப்பு எடுக்க வருடம் ஒருமுறை, வால்வை மூடிப்பார்க்கும் சோதனையும் அன்றைக்கே.

கால் ஊறவைப்பதையே விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் அத்தையிடம் சொல்லிவிட்டார், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது எந்தச் சூட்டிலும் நல்லதில்லையாம். அத்தை விட்டுவிட்டார், ஆனால் குளியலைப் பற்றி இன்னும் குறை சொல்கிறார். "இது வெந்நீரா தம்பி? ஆறிப்போன தண்ணி." விளாவ வேண்டாம், குழாயில் வருவதை அப்படியே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கத்தில் கை பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடுகிறது.

சமையலறை சிங்கை நான் முதலில் விட்டுவிட்டேன். அங்கே வால்வு இல்லை, 59 டிகிரி அப்படியே வருகிறது. பாத்திரத்துக்கு அது வசதி என்று அக்கா விரும்பினாள், நானும் சரி என்றேன். போன வாரம் போனபோது மூன்று வயதுக்காரி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சிங்க் குழாயின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இன்னும் சூடாகி வந்து சேரவில்லை. இரண்டாவது வால்வு வாங்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறேன். அதுவரை சிங்குக்கு அடியில் வெந்நீர் லைன் மூடியே இருக்கிறது.